நிலத்துக்கு நல்கை! உழுதவனுக்குத் தெரு!

சென்ற பொங்கல் விடுமுறையில், இருபது ஆண்டுகட்கு முன்னர் என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்பொழுது வேளாண்மைத் துறையில் அலுவலர். வந்தவர் தம் அலுவலகச் சுமைகளைச் சொல்லிக்கொண்டே இருந்து, இடையில், "ஐயா, இங்கே ஆண்டுக்கு ஆறாயிரம் உருபா கொடுப்பதற்கே இத்துணை ஆரவாரம். அமெரிக்காவைப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 4,500 கோடி தாலருக்கு மேல் உழவர் கையில் நேரே கொடுத்திருக்கிறார்கள். அதுவன்றோ உழவனைப் போற்றும் நாடு!" என்றார்.

"தம்பி, உழவர் என்று நீ யாரைச் சொல்கிறாய்?" என்று கேட்டேன்.

அவர் சிறிது வியப்போடு என்னைப் பார்த்து, "நிலம் வைத்திருப்பவரைத்தான், ஐயா" என்றார்.

அந்த விடையே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. நிலம் வைத்திருப்பவனும் உழுபவனும் ஒருவனே என்று எண்ணிக்கொண்டு வகுக்கப்படும் எந்தத் திட்டமும், அவ்விருவரும் வெவ்வேறாக இருக்கும் ஊரில், உழுபவனைக் காப்பதற்கு மாறாக அவனை நிலத்தினின்றும் பெயர்த்தெறியும் கோலாக மாறிவிடும். இதை நான் வெறுங்கொள்கையாகக் கூறவில்லை. என் மாணவர் போற்றிய அந்த அமெரிக்காவிலேயே தொண்ணூறு ஆண்டுகளாக இது நடந்துவந்திருக்கிறது.

முதற்கண் சொல்லைப் பற்றி ஒரு சொல். இத்தகைய அரசுப் பணத்தை நம்மவர் மானியம் என்னும் வடசொல்லால் வழங்குகின்றனர். அச்சொல் முற்காலத்தில் இங்குக் குறித்த பொருள் வேறு. கோயிலுக்கென்றும் ஊழியத்துக்கென்றும் வரி நீக்கி விடப்பட்ட நிலமே மானியம். நம் கல்வெட்டுகளில் இறையிலி எனப்படுவது. இறையிலி பெற்றவன் ஒருவன். அந்நிலத்தில் ஏர் பிடித்தவன் இன்னொருவன். பிழைபட்ட வழக்கேயாயினும், அரசு கொடுக்கும் பணம் யார் கைக்குப் போய்ச்சேர்கிறது என்பதை அப்பழஞ்சொல் அறியாமலே காட்டிக் கொடுக்கிறது! நாம் நல்கை என்போம்.

அமெரிக்காவில் மாநிலத்தின்கீழ் உள்ள ஆட்சிப் பிரிவைக் கவுண்டி என்பர். நமக்கு விளங்க, வட்டம் என்று கொள்வோம். மிசிசிப்பி மாநிலத்தின் வடமேற்கில் சன்பிளவர் என்று ஒரு வட்டம் உண்டு. பூவின் பெயர்! அந்தப் பக்கமெல்லாம் மிசிசிப்பிப் பேராறு காலங்காலமாக வெள்ளத்தோடு கொணர்ந்து கொட்டிய வண்டல். மண் கருத்து, ஆழ்ந்து, பருத்திக்கென்றே படைத்தது போலக் கிடக்கும். அவ்வண்டலில் காட்டை வெட்டித் திருத்தியவரும், பருத்தி நட்டவரும், களை கொத்தியவரும், பஞ்சு எடுத்தவரும் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அடிமைமுறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்த பின்னர் அவர்கள் வாரக்குடிகளாயினர். நிலமும் கோவேறு கழுதையும் விதையும் பண்ணையாருடையவை, உழைப்பு குடியினுடையது, விளைவில் பாதி அவனுக்கு. அந்தப் பாதியிலும் பண்ணைக் கடையில் வாங்கிய மாவுக்கும் உப்புக்கும் துணிக்கும் கடன் கழித்துக் கணக்கு முடிக்கும்போது, கையில் மிஞ்சுவது பெரும்பாலும் அடுத்த ஆண்டுக்கான கடனே. வாரம் என்னும் சொல் அறிந்த நம் தஞ்சைப் பக்கத்தார்க்கு இதை விரிக்க வேண்டியதில்லை.

1929-இல் பவுண்டு பதினாறு பதினேழு காசு விற்ற பருத்தி, 1932-இல் ஆறு காசு அளவுக்கு வீழ்ந்தது. 1933-இல் பதவியேற்ற குடியரசுத் தலைவர் உரூசுவெல்ட், அவ்வாண்டு மே மாதத்திலேயே வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொணர்ந்தார். விளைவு மிகுந்ததால் விலை வீழ்ந்தது. ஆகவே விளைவைக் குறைப்பவனுக்குப் பணம் கொடுப்போம் என்பது அதன் கருத்து. அவ்வாண்டுக் கோடையில் ஏற்கெனவே வளர்ந்து நின்ற பருத்தி ஒரு கோடி ஏக்கர் அளவில் உழுது மடக்கப்பட்டது. அறுபது இலக்கம் பன்றிகள் கொல்லப்பட்டன. மக்கள் உணவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த ஆண்டு அது! செடியை மிதியாமல் வரப்பிடையே நடக்கவே ஆண்டுக்கணக்காகப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள், செடிமேல் ஏரிழுக்க மறுத்து நின்றன என்று அந்நாட்டார் இன்றும் சொல்லிக்கொள்வர்.

இனி, 1934, 1935-ஆம் ஆண்டுகட்குரிய பருத்தி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். நான் சட்டம் படித்தவனல்லேன். ஆயினும் சொல்லுக்குப் பொருள் காண்பது என் தொழில். அவ்வொப்பந்தத்தை ஒரு நூற்பாவாக எண்ணி உரை காண முற்பட்டால், அதில் அடங்கிய கொடுமை தானே வெளிப்படும்.

நடாமல் விட்ட பருத்திக்காக அரசு கொடுத்த தொகை, பவுண்டுக்கு நாலரைக் காசு என்னும் கணக்கில் அமைந்தது. அதில் மூன்றரைக் காசு நிலத்துக்கு வாடகை. அது முழுதும் நிலக்கிழார்க்கு. எஞ்சிய ஒரு காசு விலைக்குறைவுக்கு ஈடு. அதனை மட்டும் நிலக்கிழாரும் வாரக்குடியும் விளைவைப் பகிர்வது போலவே பாதிப்பாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆக, நிலக்கிழார்க்கு நாலு காசு. குடிக்கு அரைக் காசு. விளைவில் பாதிக்கு உரியவனாக இருந்தவன், விளையாமைக்குக் கிடைத்த பணத்தில் ஒன்பதில் ஒரு பங்குக்காரன் ஆனான். அந்த அரைக் காசும் நேரே அவன் கைக்கு வந்ததா? தொடக்கத்தில் காசோலை நிலக்கிழார் பெயருக்கே வந்தது. அவர் பழைய கடனில் கழித்துக்கொண்டேன் என்றால், குடி யாரிடம் போய் முறையிடுவான்?

இதனினும் பெரிது ஏழாம் பிரிவு. நிலத்தைக் குறைக்கும்போது குடிகளை வெளியேற்றலாகாது என்று அரசு ஒரு காப்பு வைத்தது. வைத்த விதத்தைப் பாருங்கள்: நிலக்கிழார், *இயன்றவரை*, வழக்கமான *எண்ணிக்கையில்* குடிகளை வைத்திருக்க வேண்டும், *தொல்லையாக* நடந்துகொண்டாலன்றி அவர்களைக் குடிசையினின்றும் நீக்கலாகாது. இஃது அதன் சாரம்.

'இயன்றவரை' என்னும் சொல்லுக்கு எழுவாய் யார்? நிலக்கிழார். அவர்க்கு இயலுமா இயலாதா என்று துணிபவர் யார்? அவரே. 'எண்ணிக்கை' என்றதனால், பழைய குடி இருபதின்மரையும் விரட்டிவிட்டு, வேறிடத்தினின்று இருபதின்மரைக் கொணர்ந்தாலும் கணக்குச் சரி. கொணர்ந்தவரை வாரக்குடியாக வையாமல் அற்றைக் கூலியாக வைத்துக்கொண்டால் அந்த அரைக் காசும் மிச்சம், கூலியாளுக்குத்தான் பங்கில்லையே. 'தொல்லை' என்பதற்கு என்ன பொருள்? என் பங்கு எங்கே என்று கேட்பதினும் பெரிய தொல்லை ஒரு பண்ணையார்க்கு வேறு உண்டா? இத்துணையும் முறையாக நடக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு குழு அமர்த்தப்பட்டது. தென்மாநிலங்களில் அக்குழுக்களில் அமர்ந்தவர் அந்தந்த வட்டத்துப் பண்ணையார்களும் அவர்தம் உற்றாருமே.

ஒரு காசோலை எழுதும் அதிகாரத்தையும், அக்காசோலை தவறாகப் போயிற்று என்னும் முறையீட்டைக் கேட்கும் அதிகாரத்தையும், அக்காசோலையை வாங்குபவன் கையிலேயே கொடுத்த அரசை என்னென்பது!

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1934 சூலையில் ஆர்க்கன்சா மாநிலத்துப் பாயின்செட்டு வட்டத்தில் தைரோன்சா என்னும் ஊரருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெண்மர் கூடினர். வெள்ளையர் பதினொருவர், கறுப்பினத்தார் எழுவர். அந்நாளில் அம்மாநிலத்தில் இவ்விரு நிறத்தார் ஒரே அறையில் ஒரே பலகையில் அமர்ந்து பேசுவதே அடிதடிக்குரிய குற்றம். அவர்கள் தொடங்கியது தென்னகக் குத்தகையுழவர் ஒன்றியம். வெளியேற்றப்பட்ட குடிகளுக்காக அவ்வொன்றியத்தார் அறமன்றம் ஏறினர். குடிகள் அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திட்டவரல்லர். ஆகலின் அதன்மேல் வழக்கிட அவர்க்கு உரிமையில்லை என்று வந்தது தீர்ப்பு. அவர்களுக்காக எழுதப்பட்ட பிரிவு. அவர்களுக்கே அதில் இடமில்லை!

தலைநகரிலும் சில நல்லவர் இருந்தனர். வேளாண்மைச் சீரமைப்புத் துறையின் சட்டப் பிரிவில் செரோம் பிராங்கு என்பாரும் அவருடன் பணியாற்றிய இளையோரும், 'எண்ணிக்கை' என்பதற்கு 'அதே ஆட்கள்' என்றே பொருள்கொள்ள வேண்டும் என்று உரை வகுத்தனர். உண்மையான உரையாசிரியன் செய்யும் பணி அது. 1935 பிப்பிரவரியில் துறைத் தலைவர் செசுட்டர் தேவிசு அவர்களைப் பணியினின்றும் நீக்கினார். வேளாண் அமைச்சர் என்றி வாலசு அதற்கு இசைந்தார். வாலசு தீயவரல்லர், ஏழைகள்பால் இரக்கமுடையவர் என்றே பெயரெடுத்தவர். ஆயினும் பேரவையில் வேளாண் குழுக்களின் தலைமை தென்மாநிலத்தார் கையில் இருந்தது. அவர்களைப் பகைத்துக்கொண்டு சட்டம் நடத்த முடியாது என்று அவர் கண்டார். இரக்கம் ஒரு பக்கம், ஒப்போலைக் கணக்கு ஒரு பக்கம். எது வென்றது என்பது வெளிப்படை.

சன்பிளவருக்கு மேற்கே, அதனை அடுத்துள்ளது பொலிவர் வட்டம். அங்கே ஏறத்தாழ 38,000 ஏக்கர் கொண்ட ஒரு பெரும்பண்ணை இருந்தது. ஆயிரம் குடும்பங்கள் அளவில் வாரக்குடிகள். உடைமையாளர் அந்நாட்டாருமல்லர், இங்கிலாந்தின் மான்செசுட்டர் பக்கத்து நூற்பாலை முதலாளிகள். பண்ணையின் தலைவர் ஆசுக்கர் சான்சுடன் என்பார். அவரே, நல்கை வழங்கிய அரசுத் துறையின் நிதிப் பிரிவுக்கும் தலைவராக இருந்தார்! 1933 முதல் மூன்றாண்டுகளில் அப்பண்ணை பெற்றது 3 இலக்கம் தாலருக்கு மேல். 1936-இல் மேலவையில் இதனைக் கிளறிய பின்னரே நாடு அறிந்தது. நொடித்துப்போன அமெரிக்க உழவனைக் காப்பதற்கென்று வரி தொகுத்து, மான்செசுட்டர் முதலாளிக்குக் கொடுத்தனர்.

அந்தப் பணம் என்னாயிற்று? உழுபொறியாயிற்று. குடியின் பங்குக்குரிய காசையும் சேர்த்துப் பண்ணையார் வாங்கிய பொறி, அக்குடியின் வேலையை எடுத்துக்கொண்டது. 1944-இல் அதே வண்டற்படுகையில், கிளார்க்சுடேல் நகரையடுத்த ஒரு பண்ணையில், நடவு முதல் பஞ்செடுப்பு வரை முழுதும் பொறியாலேயே பருத்தி விளைவித்துக் காட்டினர். பொறி வருவது தீமை என்று நான் கூறவில்லை. குனிந்து குனிந்து முதுகொடிந்த மாந்தனுக்குப் பொறி விடுதலையும் ஆகலாம். ஆனால் யார் பணத்தில் வந்தது, வந்தபின் ஊதியம் யாருக்கு, வேலை இழந்தவனுக்கு என்ன வழி என்னும் வினாக்களை அந்த வட்டத்தில் ஒருவரும் எழுப்பவில்லை. சன்பிளவர் வட்டத்தின் மக்கள்தொகை 1930-இல் 66,000-க்கு மேல். 2020-இல் ஏறத்தாழ 26,000. எஞ்சியோர் எங்கே? சிகாகோவிலும் தெற்றாயிட்டிலும் ஆலைவாயிலில். அவர்தம் மக்கள் இன்றும் அந்நகரங்களின் நெரிசற் சேரிகளில்.

இவ்வட்டத்தை நான் தேர்ந்தெடுத்தமைக்குக் கரணியம், இதில் வாழ்ந்த இருவர்.

ஒருவர் சேம்சு ஈசுட்டுலாந்து. தாட்சுவில் என்னுமிடத்தில் அவர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை. 1943 முதல் 1978 வரை தொடர்ந்து மேலவை உறுப்பினர். கறுப்பினத்தார்க்கு உரிமை வழங்கும் சட்டங்கள் எல்லாம் எந்தக் குழுவைக் கடந்துவர வேண்டுமோ, அந்தச் சட்டத்துறைக் குழுவுக்கு 1956 முதல் தலைவர். வேளாண் குழுவிலும் உறுப்பினர். 1960-களின் பிற்பகுதியில், அப்பண்ணை பருத்தி நல்கையாக ஆண்டொன்றுக்கு ஓர் இலக்கம் தாலருக்கு மேல் பெற்றுவந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பருத்தி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை தரிசாகப் போட்டாலும் பணம். ஏழைக்கு அரசு உதவினால் அவன் சோம்பிப்போவான் என்று சொல்லும் பெருமக்கள், தரிசுக்குப் பணம் வாங்குகையில் சோம்பல் என்னும் சொல்லை மறந்துபோவது எல்லா நாட்டுக்கும் பொது.

மற்றொருவர் பேனி லூ ஏமர் அம்மையார். இருபது பிள்ளைகளுள் கடைசிப் பிள்ளை. ஆறு அகவையிலேயே பஞ்செடுக்கப் போனவர். உரூல்வில் என்னும் ஊரருகே ஒரு பண்ணையில் பதினெட்டு ஆண்டுகள் வாரக்குடியாகவும் நேரக் கணக்கு எழுதுபவராகவும் உழைத்தார். 1962 ஆகசுட்டு 31-ஆம் நாள், மேலும் பதினெழுவருடன் வட்டத் தலைநகராகிய இந்தியனோலாவுக்குச் சென்று, ஒப்போலைப் பட்டியலில் தம் பெயரைப் பதிவு செய்ய முயன்றார். குடிமக்களாகப் பிறந்தவர் யாவர்க்கும் உரிய ஒன்று; அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மாலையே பண்ணையினின்றும் வெளியேற்றப்பட்டார். பதினெட்டு ஆண்டுக் குடியிருப்பு ஒரு பொழுதில் போயிற்று! ஏழாம் பிரிவில் எழுதிய 'தொல்லை' என்னும் சொல்லின் பொருள், முப்பதாண்டு கழிந்தும் அவ்வட்டத்தில் மாறவில்லை.

அதே ஆண்டுப் பனிக்காலத்தில், கிழக்கே அடுத்துள்ள இலெப்ளோர் வட்டத்து ஆட்சிக்குழு, நடுவணரசு ஏழைகட்கென்று அனுப்பிய உணவுப் பொருள்களை இனி வழங்குவதில்லை என்று நிறுத்திற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வுணவை நம்பியிருந்தனர். அவர்கள் செய்த குற்றம், ஒப்போலை உரிமை கேட்கும் இளைஞர்கட்கு இடங்கொடுத்தது. பண்ணையாரின் காசோலை மட்டும் ஒரு நாளும் நின்றதில்லை. ஒரே நடுவணரசு, ஒரே கருவூலம். வட்ட அலுவலகத்தின் ஒரு கதவு வழியாகப் பண்ணைக்குப் பணம் போகிறது. மற்றொரு கதவு ஏழைக்கு மாவு வராமல் சாத்தப்படுகிறது. இரு கதவின் திறவுகோலும் ஒரே வகுப்பார் இடுப்பில்!

ஏமர் அம்மையார் 1969-இல் விடுதலைப் பண்ணை என்னும் கூட்டுறவை நாற்பது ஏக்கரில் தொடங்கினார். நன்கொடையால் நிலம் 600 ஏக்கருக்கு மேல் பெருகிற்று. காய்கறி விளைத்தனர், குடும்பத்துக்கு ஒரு பன்றி கொடுத்து, அது ஈன்ற குட்டிகளைத் திரும்பப் பெற்று அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்தனர். எளிய மக்கள் தாமே கண்ட நல்கைமுறை! ஆனால் வெள்ளமும் வறட்சியும் கடனும் சேர்ந்து, எழுபதுகளின் நடுவில் அந்நிலம் கைவிட்டுப் போயிற்று. பெரும்பண்ணைகளை எல்லாத் துன்பத்திலும் தாங்கிப் பிடித்த கை இவர்கள் பக்கம் நீளவில்லை. அம்மையார் 1977-இல் மறைந்தார்.

நிற்க. நகர மக்கள் இக்காசோலைகளின் அளவைக் கண்டு சினந்தமையால், 1970-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவர்க்கு ஒரு பயிருக்கு 55,000 தாலர் என்று வரம்பு கட்டிற்று. வரம்பு வந்த மறு ஆண்டே பெரும்பண்ணைகள் பிளந்தன. நிலத்திலன்று, தாளில்! மனைவி பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று, பேரன் பெயரில் ஓர் அறக்கட்டளை, மூவரும் கூடிய கூட்டுநிறுவனம் ஒன்று. அந்த நிறுவனத்துக்குக் கீழே மேலும் நான்கு கிளைகள். படமாக வரைந்தால் மேலே குறுகிக் கீழே அகன்ற மரம் போலத் தோன்றுமாம்; அதனை 'மிசிசிப்பிக் கிறித்துமசு மரம்' என்றே அந்நாட்டார் எள்ளினர். நம் ஊரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, நாய் பெயரிலும் பூனை பெயரிலும் எழுதி வைத்தனர் என்று ஊரார் நகையாடவில்லையா, அது போல.

1987-இல் மரத்தைச் சிறிது கழித்தனர். உழவில் முனைந்து ஈடுபட்டவனுக்கே பணம் என்றனர். மீண்டும் ஒரு சொல்! 'ஈடுபடுதல்' என்பதில் உடலுழைப்பு மட்டுமன்றி மேலாண்மையும் அடங்கும் என்று விரித்தனர். எங்கோ நகரத்தில் இருந்துகொண்டு, தொலைப்பேசியில் இரண்டு சொல் பேசினாலும் மேலாண்மைதானே! 2018-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த உறவு வட்டத்தை உடன்பிறந்தார் மக்கள், ஒன்றுவிட்ட உடன்பிறந்தார் வரையிலும் அகலப்படுத்திற்று. வரம்பும் பின்னர் உயர்ந்து, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒருவர்க்கு 1,55,000 தாலர் ஆகியிருக்கிறது. பல திட்டங்களில் இவ்வாண்டு என்ன விளைந்தது என்றும் பார்ப்பதில்லை. முன்னொரு காலத்தில் அந்நிலத்தில் எத்தனை ஏக்கர் எந்தப் பயிர் இருந்தது என்னும் 'அடிப்படை ஏக்கர்' கணக்கே அளவுகோல். பணம் பயிரைப் பற்றியதுமன்று, ஆளைப் பற்றியதுமன்று. நிலத்தின்மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. குத்தகைக்கு எடுத்து உழுபவன் பெயருக்கே அது வந்தாலும், அதன் ஒரு பகுதி அடுத்த குத்தகைப் பேச்சில் உயர்குத்தகையாக நிலக்கிழாரிடம் போய்ச்சேர்ந்துவிடுகிறது.

வட்டக்குழுவின் செய்தி இன்னும் முடியவில்லை. 1960-களின் நடுவிலும் தென்மாநிலங்களின் வட்டக்குழுக்களில் உறுப்பினராகக் கறுப்பினத்தார் ஒருவர்கூட இல்லை என்று குடியுரிமைகள் ஆணையம் 1965-இல் எடுத்துக்காட்டிற்று. விதைக்கடன் கேட்டால் நடவு முடிந்த பின்னர் கிடைக்கும். கேட்ட தொகையில் பாதி கிடைக்கும். அல்லது படிவம் தீர்ந்துவிட்டது என்னும் விடை கிடைக்கும். முறையீடுகளை ஆராயும் பிரிவையே 1983-இல் கலைத்தனர். 1920-இல் அந்நாட்டில் 9 இலக்கத்து 25 ஆயிரம் அளவில் இருந்த கறுப்பின உழவர், 1997-இல் 18,500 அளவுக்குக் குறைந்தனர். அவ்வாண்டு வட கரோலினா உழவர் பிக்போர்டு என்பார் முதலானோர் தொடுத்த வழக்கு 1999-இல் இணக்கத்தில் முடிந்து, பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர்க்குப் பெரும்பாலும் ஆளுக்கு 50,000 தாலர் கிடைத்தது. காலம் தாழ்ந்து முறையிட்டவர்க்கென 2010-இல் மேலும் 125 கோடி தாலர். இழந்த நிலம் மட்டும் பலர்க்குத் திரும்பவில்லை. 2021-இல் இவர்தம் கடனைத் தள்ளும் சட்டம் ஒன்று வந்தது. நிறம் பார்த்துக் கொடுப்பது முறையன்று என்று வெள்ளை உழவர் சிலர் அறமன்றத்தில் அதனைத் தடுத்து நிறுத்தினர். 2022-இல் அச்சட்டம் நீக்கப்பட்டு, பாகுபாட்டால் ஊறுற்றோர் யாவர்க்கும் என்று மாற்றி எழுதப்பட்ட உதவி 2024-இல் 43,000 பேர்க்குச் சென்றது. தொண்ணூறு ஆண்டு நிறம் பார்த்துக் கொடுத்தபோது எழாத முறையுணர்வு, திருத்த முற்பட்ட அன்றே எழுந்ததே, அதைத்தான் நான் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன்.

ஏமர் அம்மையார் படியேறிய அதே இந்தியனோலாப் பக்கத்தில், 2021-இல் உழவுத் தொழிலாளர் அறுவர் ஒரு பண்ணைமீது வழக்கிட்டனர். தென்னாப்பிரிக்காவினின்று வெள்ளையரைக் கொணர்ந்து அவர்க்கு உயர்ந்த கூலியும், தலைமுறையாக அம்மண்ணில் உழைத்த தமக்குக் குறைந்த கூலியும் கொடுத்தனர் என்பது வழக்கு. மறு ஆண்டு இணக்கத்தில் முடிந்தது.

இவ்வளவும் கேட்டபின் என் மாணவர், "அப்படியானால் உழவனுக்கு அரசு ஒன்றும் கொடுக்கலாகாது என்கிறீர்களா, ஐயா?" என்றார். அல்லவே அல்ல. மழை பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் தாங்குவதற்கு உழவனுக்கு அரசைவிட்டால் வேறு யார்? அமெரிக்காவிலும் 1933-இன் சட்டம் இல்லாதிருந்தால் சிறுநிலக்காரர் பலர் அன்றே அழிந்திருப்பர்; தன் நிலத்தைத் தானே உழுத பகுதிகளில் அப்பணம் பலரைக் கரையேற்றிற்று என்பதையும் மறைக்கலாகாது. கொடுப்பது பற்றி எனக்கு வழக்கில்லை. எவன் பெயருக்கு எழுதுவது, எவன் கையால் கொடுப்பது என்பதே வழக்கு.

நம் நடுவணரசு 2019-இல் தொடங்கிய அந்த ஆறாயிரம் உருபாத் திட்டமும், நிலம் தம் பெயரில் உள்ள குடும்பத்தார்க்கே. குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் அதில் இல்லை. எண்ணிப் பார்த்தால், ஏழாம் பிரிவில் 'இயன்றவரை' என்றாவது ஒரு சொல் இருந்தது. இதில் அதுவும் இல்லை. தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டிலேயே குத்தகையுரிமைப் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. உழுபவன் பெயரை அரசுப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே எழுதப்பட்ட சட்டம். அப்பதிவேட்டை ஊர்தோறும் முழுமையாக்கி, நல்கை, வெள்ள ஈடு, பயிர்க்கடன் ஆகியவற்றை அதன்படி வழங்கினால் என்ன? ஊர்ப் பட்டியலைச் சரிபார்க்கும் குழுவில் நிலமில்லா உழவர் இருவரேனும் அமர்ந்தால் என்ன? இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை.

மாணவரிடம் இதனைச் சொல்லி, "உன் அலுவலகத்துப் பட்டியலில் குத்தகைக்கு உழுபவர் எத்தனை பேர், தம்பி?" என்று கேட்டேன். படிவத்தில் அதற்கென்று கட்டமே இல்லை என்றார். அந்தப் பதிவேடு தம் வட்டத்தில் எந்த நிலையில் கிடக்கிறது என்று பார்த்து எழுதுவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். எழுதினால் அடுத்த திங்கள் இதழில் வெளியிடுவேன்.